சைலன்சரைத் துளைத்தால் சத்தம் கூடும், பழைய 'தப் தப்' வராது

புதிய புல்லட் வாங்கிய பலருக்கும் முதலில் தோன்றும் குறை, பழைய வண்டியின் சத்தம் இதில் இல்லையே என்பதுதான். அது பொய்யான குறை அல்ல. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வார்ப்பிரும்பு எஞ்சினோடு வந்த 346 சிசி வண்டியின் ஓசை வேறு, இன்றைய 349 சிசி வண்டியின் ஓசை வேறு. காது சரியாகத்தான் சொல்கிறது. கோளாறு அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. சைலன்சரின் வால் பக்கம் ட்ரில்லால் நான்கு ஓட்டை போடு, உள்ளே சத்தத்தை அடக்கும் பாஃபிளை உருவிவிடு, அதுவும் போதாவிட்டால் வெல்டிங் பட்டறையில் கொடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் வெட்டி எடுத்துவிடு, பழைய சத்தம் திரும்பிவிடும் என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் வேலை என்பதால் பலர் இறங்கியும் விடுகிறார்கள். சத்தம் நிச்சயம் கூடும். ஆனால் அவர்கள் தேடிய சத்தம் அது அல்ல. ஏனென்றால் அவர்கள் விரும்பும் அந்தக் கனத்த 'தப் தப்' ஓசையை வடித்துத் தருவதே சைலன்சர்தான்.

இதைப் புரிந்துகொள்ள, சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் தறுவாயில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வால்வு விலகியதும் அந்த வாயு, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பென்ட் பைப்புக்குள் ஒரே அடியாகப் பாய்கிறது. அந்த அடிதான் சத்தத்தின் விதை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இந்த அடி விழும். ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 1000 சுற்றில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு 500 அடிகள், அதாவது நொடிக்கு எட்டு. மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20 அடிகள் வரை தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். அதற்கு மேல் போனால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உறுமலாகிவிடும். ஒற்றை சிலிண்டரில் நொடிக்கு 20 அடி என்பது 2400 சுற்று. ஆகவே 'தப் தப்' என்பது அந்த வேகத்துக்குக் கீழே மட்டுமே இருக்கக்கூடிய ஒன்று.

பழைய புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். இந்த இரண்டும் சேர்ந்ததால் எஞ்சின் அணைந்துபோகாமல் மிகக் குறைந்த வேகத்தில் நின்று துடிக்க முடிந்தது. அந்தத் துடிப்பின் இடைவெளியை நிர்ணயித்தது எஞ்சின். வாலில் எத்தனை ஓட்டை போட்டாலும் நொடிக்கு எத்தனை அடி என்பது மாறாது.

அந்த ஒவ்வொரு அடியும் எப்படிக் கேட்கிறது என்பதில்தான் சைலன்சருக்கு வேலை. திடீரென்று பாயும் அழுத்தத்தில் எல்லாக் கதிகளும், அதாவது எல்லா அதிர்வெண்களும், கலந்திருக்கும். அடியில் ஓடும் கனத்த ஒலியும் இருக்கும், துப்பாக்கி வெடித்ததுபோலக் கிழிக்கும் கூர்மையான ஒலியும் இருக்கும். சைலன்சருக்குள் பாஃபிள் தகடுகளால் பிரித்த இரண்டு மூன்று அறைகள், அவற்றை இணைக்கும் துளையிட்ட குழாய்கள், சில வண்டிகளில் குழாயைச் சுற்றித் திணித்த கண்ணாடிப் பஞ்சு ஆகியவை இருக்கின்றன. ஏரி நிரம்பி வழியும் வெள்ளத்தைப் படி படியாக இறக்கி அதன் வேகத்தை உடைத்து அனுப்பும் கலிங்கு போல, இந்த அறைகள் அழுத்தத்தைக் கட்டம் கட்டமாக இறக்குகின்றன. அகலமான அறைக்குள் நுழையும்போது அலையின் ஒரு பகுதி திரும்பி அடித்து, பின்னால் வரும் அலையோடு மோதித் தன்னையே அழித்துக்கொள்கிறது. பஞ்சு, கூர்மையான ஒலிகளை உறிஞ்சிச் சிறு வெப்பமாக்கிவிடுகிறது. இவை இரண்டிலும் அதிகம் அடிபடுவது உயர்ந்த கதிகள்தான். கனத்த, தாழ்ந்த ஒலி பெரும்பாலும் தப்பி வெளியே வருகிறது. கிழிக்கும் ஒலியை நீக்கிய பிறகு மிஞ்சும் அந்தக் கனம்தான் புல்லட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓசை.

இப்போது ட்ரில்லை எடுத்து வெளித்தகட்டில் துளை போட்டால், கடைசி அறையின் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. கட்டுப்பட்டிருந்த கூர்மையான ஒலி குறுக்கு வழியில் வெளியேறுகிறது. காதின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. நமது செவி 3000 ஹெர்ட்ஸ் அளவில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலிக்கு அது மந்தம். ஒலிமானிகளில் காதின் இயல்பை ஒட்டி அமைத்த கணக்கின்படி, 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபல் அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். அதனால் துளை வழியே புதிதாக வரும் கூர்மையான ஒலி, ஏற்கெனவே இருந்த கனத்த ஒலியை மூடி மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, துளை போட்ட தகடும் ஆட்டம் கண்ட பாஃபிளும் தாமாக அதிரத் தொடங்கும். தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கிய சத்தம் என்று தெருவில் பெரியவர்கள் திட்டுவது வெறும் எரிச்சலில் சொல்வதல்ல. ஒலியின் இயல்பை அவர்கள் காது சரியாகவே பிடித்திருக்கிறது.

சத்தம் கூடினால் வண்டி வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை இதைவிட ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பந்தய வண்டிகள் பெருஞ்சத்தம் போடுகின்றன, அவை வேகமாகவும் ஓடுகின்றன, ஆகவே சத்தத்துக்கும் வேகத்துக்கும் உறவு உண்டு என்று மனம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. எதிர்த்தரப்பில் மெக்கானிக்குகள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், அது இல்லாவிட்டால் இழுக்காது." இரண்டுமே பாதி உண்மைதான். எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு எந்த நன்மையும் இல்லை, புகையை வெளியே தள்ள வீணாகும் உழைப்புதான் அது. எஞ்சினுக்கு உண்மையில் உதவுவது குழாய்க்குள் ஓடித் திரும்பும் அலை.

பென்ட் பைப்புக்குள் பாய்ந்த அழுத்த அலை சூடான வாயுவில் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. குழாய் திடீரென்று விரியும் இடத்தை அடைந்ததும் அதிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை பிறந்து வால்வை நோக்கித் திரும்புகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கும் இன்டேக் வால்வு திறப்பதற்கும் இடையில் இரண்டுமே சற்றுத் திறந்திருக்கும் மிகச் சிறிய நேரம் ஒன்று உண்டு. திரும்பி வரும் அலை அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை இழுத்து எடுத்து, புதிய கலவை உள்ளே நுழைய வழி செய்கிறது. எந்த வேகத்தில் இது சரியாகப் பொருந்த வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும், முதல் அறை எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளர்கள் முடிவு செய்கிறார்கள். புல்லட் போன்ற வண்டிகளில் அந்தக் கணக்கு குறைந்த, நடுத்தர வேகத்தில் இழுவை கிடைக்கும்படி போடப்பட்டது. குழாயை வெட்டிக் குட்டையாக்கினால் பலன் வேறு வேகத்துக்குத் தாவிவிடும். ஊர்த் தெருவில் மூன்றாவது கியரில் மெதுவாக ஏறும் மேட்டில் வண்டி திணறும். காது மட்டும் வேகமாகப் போவதாக நம்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த இழப்பு இன்னும் கொடியது. 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹாவின் 98 சிசி ஆர்.எக்ஸ். 100 வண்டியை இன்றும் கொண்டாடுகிறோம். அந்த வகை எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புதிய கலவை உள்ளே வரும்போது எக்ஸாஸ்ட் துளையும் திறந்தேதான் இருக்கும், எனவே கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன். கூம்பாக விரிந்து பிறகு கூம்பாகக் குறுகும் குழாயை 1950களில் அவர் செம்மைப்படுத்தினார். விரியும் பகுதி புகையை உறிஞ்சும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, வெளியே ஓடிய கலவையைத் துளை மூடுவதற்குள் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். இந்த நுட்பத்தின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு வரலாறே சாட்சி. எம்.இசட். அணியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அவரோடு அந்த அறிவும் போனது. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை அவர் சுசுகியில் வென்றார். ஒரு குழாயின் வடிவம் ஓர் உலகப் பட்டத்தையே நிர்ணயித்திருக்கிறது. ஆர்.எக்ஸ். 100இன் சைலன்சர் வாலில் சிறு போல்ட் ஒன்றில் நிற்கும் பாஃபிள் குழாய், படிந்த கரியைச் சுத்தம் செய்வதற்காகக் கழற்றும்படி வைக்கப்பட்டது. கழற்றியதை மாட்டாமலே ஓட்டுபவர்கள், அலைகளின் கணக்கில் கடைசி வரியை அழித்துவிட்டு ஓட்டுகிறார்கள்.

காற்றோட்டம் மாறினால் கலவையும் மாறும். கார்புரேட்டர் வண்டியில் புகை எளிதாக வெளியேறினால் காற்று கூடுதலாக உள்ளே வரும், பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாது. கலவை நீர்த்துப்போகும், எஞ்சின் சூடேறும். இதை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம். நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் காப்பி கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக இருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை நீர்த்திருக்கிறது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிஞ்சுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சைலன்சரை மாற்றினால், கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் சேர்த்து மாற்றுவார்கள். வீட்டு வாசலில் ட்ரில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்குப் போவதே இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகிவிட்டது. குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து, எரிந்த புகையை முகர்ந்து பார்த்து, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கணினிக்குத் தகவல் தருகிறது. அதற்கு முன்னால் எங்காவது ஓட்டை விழுந்தாலோ இணைப்பு சரியாக அமராவிட்டாலோ வெளிக்காற்று உள்ளே கசியும். கலவை நீர்த்திருக்கிறது என்று சென்சார் ஏமாந்து தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் ஏன் விழுந்தது என்று உரிமையாளருக்குப் புரியாது. அதே குழாயில்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கிறது. தேன்கூடு போன்ற கண்ணறைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றை மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது மாற்றி அனுப்புகிறது. சத்தத்துக்காக வெட்டி எறியும்போது பல சமயங்களில் இதுவும் சேர்ந்து போகிறது. பழைய இரும்புக் கடைக்காரருக்கு அதன் விலை தெரியும். சில மாநிலங்களில் வேன்களின் சைலன்சரை மட்டும் திருடும் கும்பல்கள் கிளம்பியதே இந்த உலோகங்களுக்காகத்தான்.

ஓட்டிக்கொண்டே சாவியை அணைத்துப் போட்டு 'டமால்' என்று வெடிக்க வைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவியை அணைத்த அந்த நொடியில் தீப்பொறி நின்றுவிடுகிறது, கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கலவை மட்டும் எரியாமல் சூடான சைலன்சருக்குள் போய்ச் சேர்கிறது. மறுபடி சாவியைத் திருப்பியதும் வரும் முதல் நெருப்பில் அத்தனையும் குழாய்க்குள்ளேயே பற்றி வெடிக்கிறது. பாஃபிளின் வெல்டிங் விட்டுப்போவதும் கன்வெர்ட்டர் இருந்தால் அதன் கண்ணறைகள் உருகிக் குழாயை அடைப்பதும் இதன் விளைவுகள். அதைவிட எனக்குக் கோபம் வருவது, சாலையில் பக்கத்தில் வரும் வயதானவர் அந்த வெடிச் சத்தத்தில் ஹேண்டில்பாரை ஆட்டிவிடும் கணத்தை நினைத்துத்தான்.

வீட்டில் வேலை செய்பவர் உடலுக்கும் ஆபத்து உண்டு. தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பை வாங்கிச் சைலன்சராக வெல்டிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதன் மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல் வலியும் வரும். கண்ணாடிப் பஞ்சை வெறுங்கையால் பிய்த்தால் தோலும் தொண்டையும் அரிக்கும். சத்தம் எப்படி என்று பார்க்க, மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்.

சத்தத்தின் அளவைப் பார்ப்போம். இந்தியாவில் தயாரிப்பு நிலையில் இருசக்கர வாகனங்களுக்கு வரம்பு இருக்கிறது: 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. சோதனைத் தடத்தில் வண்டியை முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, இரு பக்கமும் 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளக்கிறார்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரட்டிப்பு. 80 இருக்க வேண்டிய வண்டி 100 ஆனால், 100 வண்டிகள் சேர்ந்து வருவதற்குச் சமமான ஆற்றலை ஒருவர் தனியாக வெளியிடுகிறார். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆனால் இரு பக்கமும் வீட்டுச் சுவர்கள் நெருங்கிய தெருவில் அவ்வளவு குறையாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் இருக்க வேண்டிய சராசரி ஒலி 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குள் அது 40. பாரிஸில் ஒலியை அளந்து கண்காணிக்கும் ப்ரூயிபாரிஃப் அமைப்பு, சைலன்சரைத் திருத்திய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் நகரைக் கடந்தால் 10,000 பேர் வரை விழித்துக்கொள்ளக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறது. நம் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கும் வீடுகளும் மொட்டை மாடிகளும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஓட்டுபவர் காதும் தப்பாது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிலாளர் நலனுக்காக அமெரிக்காவில் பரிந்துரைத்த அளவு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்.

சத்தம் போட்டால் லாரிக்காரர் விலகுவார், அது பாதுகாப்புத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, முக்கால் பங்குக்கு மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுபவரின் முன்புறத்திலிருந்தே வந்தன என்று காட்டியது. சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. எச்சரிக்கப்பட வேண்டியவர் எதிரே இருக்கிறார், காது கிழிவது பின்னால் வரும் ஆட்டோவில் இருப்பவருக்கு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலிக் கட்டுப்பாட்டை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது, மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கும் தகுதியும் போகும். பல நகரங்களில் காவல்துறை பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக வைத்து ரோடு ரோலர் ஏற்றியதைச் செய்திகளில் பார்த்திருப்போம். பொருத்திக் கொடுக்கும் கடைகளை விட்டுவிட்டு, வாங்கி மாட்டிய பையனை மட்டும் பிடிப்பது அரை வேலை என்பது என் கருத்து.

வண்டியின் ஓசையை ரசிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சினின் ஓசைக்கே வணிகக் குறி உரிமை கேட்டு 1994இல் விண்ணப்பித்து, 2000இல்தான் அதை விலக்கிக்கொண்டது. ஓசை வண்டியின் குணத்தில் ஒரு பகுதி. அந்தக் குணம் கெட்டுப்போயிருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. சிலிண்டர் ஹெட்டும் பென்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கட் தேய்ந்திருந்தால் 'டிக் டிக்' என்று கூர்மையான கசிவுச் சத்தம் வரும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனே அந்த இணைப்பைக் கவனித்தால் தெரிந்துவிடும், புதிய கேஸ்கட்டுக்கு ஆகும் செலவும் சொற்பம். வால்வு இடைவெளி சரியில்லையா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, நின்றபடி ஓடும் வேகத்தைத் தேவைக்கு மேல் கூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சரிசெய்தாலே துடிப்பு ஓரளவு திரும்பும். பல சைலன்சர்களின் அடிப்பக்கத்தில் ஆலையிலேயே போட்ட ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் எரிவதில் பிறக்கும் தண்ணீர் வழிந்து போவதற்கான துளை அது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைப்பவர்கள் பலர். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகடு உள்ளிருந்து துருப்பிடித்துப் பெரிய ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு சர்வீஸிலும் ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.